அறவிட வந்தவருக்குத் தேத்தண்ணி

வாசலில் வந்து நின்ற மனிதரைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, பாவம், நாலு மாடியும் ஏறி வந்திருக்கிறாரே என்பதுதான். சுவிஸில், ஓல்டன் நகரத்தில் நாங்கள் அப்போது இருந்த கட்டடத்தில் லிப்ட் கிடையாது. தபால்காரர்கூடப் பொதியைக் கொண்டு ஏறாமல், கீழே ஒரு துண்டை எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இவரோ கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, கையில் ஒரு மெல்லிய கோப்புடன், என் பெயரை எப்படியாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டு நின்றார். கடன் அறவிடும் அரசாங்க அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார்.

அந்த நடவடிக்கைக்கு ஜேர்மன் மொழியில் பெத்ரைபுங் என்று பெயர். எங்கள் சனத்தின் வாயில் அந்தச் சொல் வரும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும். இன்னாருக்குப் பெத்ரைபுங் வந்ததாம் என்று கதை பரவினால் போதும், அந்த வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போகிறவர்கள்கூடச் சாப்பாடு யாருடைய காசில் என்று யோசித்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

நான் அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். தேத்தண்ணி போட்டேன். முதல்நாள் சுட்ட வடை மிச்சம் இருந்தது, அதையும் சூடாக்கி வைத்தேன். வீடு தேடி வந்த மனிதரை, அதுவும் ஓர் அரசாங்க மனிதரை, வாசலில் வைத்தே கதைத்து அனுப்ப எனக்கு வராது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதை நாங்கள் யாரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதில்லை. கடைசியில் ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டார். உறைப்பில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கோப்பைத் திறந்து ஒரு தாளை மேசையில் வைத்தார். ஒரு கடன் நிறுவனத்துக்கு நான் காசு கட்டவில்லையாம். அந்த நிறுவனம் அறவிடும்படி கேட்டிருக்கிறதாம். தாளின் கீழ்ப்பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, இதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கிறீர்களா என்று கேட்டார்.

மூட்டுப் பட்டை கட்டிய காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சோபாவில் இருந்த என் கணவர் பதறிப்போனார். "எதிர்க்கிறதோ? அரசாங்கத்தையோ? சும்மா இரும். கட்டிவிடுவம் எண்டு சொல்லும்."

அவர் பதறியதில் பிழை இல்லை. நாங்கள் அகதிகளாக வந்து, வதிவிட அனுமதிக்காக ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு கவுண்டராகப் போய் நின்றவர்கள். முத்திரை குத்திய தாளைக் கண்டால் கையெழுத்து எங்கே என்றுதான் கேட்போமே தவிர, அதில் எழுதியிருப்பது சரியா என்று கேட்க மாட்டோம். நான் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்து, இல்லை, எதிர்ப்பு ஒன்றும் இல்லை, நாங்கள் சண்டைக்காரர் இல்லை என்றேன். அவர் இன்னொரு தரம், சொல்லைப் பிரித்துப் பிரித்து, அதே கேள்வியைக் கேட்டார். அது எனக்குச் செய்த உதவி என்று அப்போது விளங்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

அன்று பின்னேரமே போய், அலுவலகச் செலவும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன். பற்றுச்சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தேன். மானம் தப்பியது என்று இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

அந்தக் கடன் வந்த வழியையும் சொல்லத்தான் வேண்டும். என் கணவர் பொதிகள் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் வேலை செய்தார். ஒரு மழை நாளில் லொறி ஏற்றும் மேடையில் வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், பிறகு பாதி நேர வேலை. விபத்துக் காப்புறுதிக் காசு வரும், ஆனால் அது தன்பாட்டில் ஆடி அசைந்துதான் வரும். வாடகை அப்படிக் காத்திருக்காது. நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தேன். என் ஒரு சம்பளம் மாத முடிவு வரைக்கும் எட்டவில்லை. சொந்தக்காரரிடம் கேட்டிருக்கலாம். முழங்காலை விசாரிக்க என்று வருவார்கள், காசைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள். அதற்கு இன்டர்நெட்டில் முகம் தெரியாதவனிடம் வாங்குவது மேல் என்று நினைத்தேன்.

சம்பளம் வரும்வரைக்கு மட்டும் என்று கொடுக்கும் சின்னக் கடன் அது. சம்பள நாளில் அவர்களே என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். வாங்குவது சுலபம், எடுப்பதும் சுலபம். எடுத்த பிறகு மிச்சம் இருக்கும் சம்பளம் போதாமல் மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும், அதுதான் அந்த வியாபாரத்தின் கெட்டித்தனம். கடைசியாக வாங்கிய கடனை அவர்கள் எடுக்கவேண்டிய மாதம் சம்பள நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அவர்கள் வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டார்கள். எனக்குச் சம்பளம் வந்தது திங்கட்கிழமை. நடுவில் என் கணக்கு மைனஸில் போய்விட்டது. வங்கி காசைக் கொடுத்தது, அதற்காக என்னிடம் வட்டியும் கட்டணமும் எடுத்தது, திங்கட்கிழமை சம்பளம் வந்து பள்ளத்தை நிரப்பியது. அத்தோடு கடன் முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

கடன் நிறுவனத்தின் கணினி அப்படி நினைக்கவில்லை. கணக்கில் காசு இல்லை என்ற செய்தி முதலில் அதற்குப் போயிருக்கிறது. வங்கி கொடுத்த காசு பிறகு போய்ச் சேர்ந்திருக்கிறது. முதல் செய்தியை ஒரு பக்கத்திலும் இரண்டாவதை இன்னொரு பக்கத்திலும் பதிந்துவைத்துக்கொண்டு அது என்னைக் கடன்காரியாக்கிவிட்டது. நினைவூட்டல் கடிதங்கள் வந்தன. காசு போய்ச் சேரமுதல் அனுப்பியிருப்பார்கள் என்று எண்ணி மேசை லாச்சிக்குள் போட்டேன். பிறகுதான் அந்த மனிதர் மாடி ஏறி வந்தார். கட்டிய காசுதானே என்று மனதின் ஒரு மூலை சொல்லத்தான் செய்தது. ஆனால் அரசாங்கம் வந்து கேட்கும்போது, நான்தான் எங்கோ பிழை விட்டிருப்பேன் என்று மற்ற மூலைகள் எல்லாம் சேர்ந்து சொல்லின.

மாதங்கள் போயின. கணவரின் கால் ஓரளவுக்குத்தான் சரிவந்தது. சம தரையில் நடப்பார். படிதான் அவருக்கு எமன். ஒரு காலை வைத்து, மற்றதை இழுத்து அதே படியில் வைத்து, கைபிடியில் தொங்கி, இப்படி நாலு மாடி. வேலைக்குப் போய்வர ஒரு தரம் இறங்கி ஒரு தரம் ஏறினால் அன்றைய கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு கீழே யார் கூப்பிட்டாலும் இறங்க மாட்டார். என் கணவர் ஒரு காலத்தில் வீட்டில் தங்காத மனிதர். பால் வாங்கப் போனால் ஸ்டேசனில் யாரையாவது பிடித்துக் கதைத்துக்கொண்டு நிற்பார், நான் தொலைபேசியில் கத்திக் கூப்பிட வேண்டும். அந்த மனிதர் இப்போது யன்னலுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, மூடுபனிக்குள் போய்வரும் ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமயிரும் வீட்டிலேயே நான்தான் வெட்டிவிட்டேன். கோயிலுக்கும் நான் மட்டும்தான் போனேன். அவர் எங்கே என்று கேட்டவர்களுக்கு வேலை என்று சொன்னேன். எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. லிப்ட் உள்ள வீடு ஒன்று எப்படியாவது எடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

இங்கே வீடு எடுப்பதென்றால், கடன் அறவிடும் அலுவலகத்திலிருந்து உங்களைப் பற்றி ஒரு பதிவுத்தாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் எடுத்தேன். எல்லாம் கட்டியாயிற்றே, பயமென்ன? தாளை வாங்கிப் பார்த்தால் என் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தது. நிறுவனத்தின் பெயர், தொகை, பக்கத்தில் செலுத்தப்பட்டது என்ற குறிப்பு. செலுத்தியதைத்தானே போட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு நற்சான்றுதான் என்று நினைத்து அப்படியே கொடுத்தேன். வீட்டு நிர்வாகத்திலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வீட்டுக்கும் அதே மரியாதையோடு அதே பதில்.

மூன்றாவது தரமும் மறுப்பு வந்தபோது, நான் அந்தக் கடிதத்தோடு அறவிடும் அலுவலகத்துக்கே போனேன். கவுண்டரில் ஓர் இளம் பெண். கட்டிய கடனை ஏன் இன்னும் எழுதிவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கட்டினாலும் ஐந்து வருடத்துக்கு அந்த வரி தெரியும் என்றார். அந்தக் கடன் அதற்கு முன்பே தீர்ந்தது, நான் இரண்டாம் தரமும் கட்டியிருக்கிறேன் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியென்றால் ஏன் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை? ஒரே ஒரு சொல் போதும். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை."

"வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம்," என்றேன். எனக்குத் தெரிந்த ஜேர்மனில் அதைத்தான் சொல்ல முடிந்தது.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். எதிர்க்காமல் கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என்று விளக்கினார். இனி இரண்டு வழிதான். அந்த நிறுவனமே தன் கோரிக்கையை மீளப்பெற்றால் வரி மறையும். அல்லது, கட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் போய், இல்லாத கடனுக்குக் கட்டிய காசைத் திருப்பிக் கேட்கலாம். அதில் வென்றாலும் மறையும். ஆனால் அது மாதக்கணக்காக இழுபடும் என்றார். வருடம் முடிய எனக்குக் கொஞ்சக் காலமே மிச்சம் இருந்தது.

வெளியே வந்து ஆற்றுப் பாலத்தில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நிறுவனத்தின் மேல் பாதி, என் மரியாதையின் மேல் பாதி. இந்த நாட்டில் வேண்டாம் என்று சொல்வதற்கென்று ஓர் இடம் போட்டு, அதை நிரப்ப ஓர் ஆளையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நானோ அவருக்கு வடை கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் வேறு ஆளானேன் என்று என் கணவர் சொல்வார். வங்கிக்குப் போய்ப் பழைய கணக்கு அறிக்கையைக் கேட்டேன். என் காசு போன கதையை எனக்கே சொல்வதற்கு வங்கி ஒரு கட்டணம் எடுத்தது. அந்த வெள்ளிக்கிழமை அதில் தெளிவாக இருந்தது. காசு போயிருக்கிறது, கணக்கு மைனஸ், திங்கட்கிழமை சம்பளம். அதைப் படியெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். உங்கள் கடன் செலுத்தப்பட்டுவிட்டது, நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே நன்றி, வேறு திகதியில். தொலைபேசியில் எடுத்தால் இசை போட்டார்கள். கேட்டுக் கேட்டு அது எனக்குப் பாடமாகிவிட்டது. வேலையில் ஒரு வயதான அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது அதை முணுமுணுத்திருக்கிறேன் போல, நல்ல பாட்டு, எந்தத் திருச்சபையில் பாடுவது என்று அவர் கேட்டார்.

"விடுமப்பா," என்றார் கணவர். "எனக்குப் படி பழகிப்போச்சு."

"எனக்குப் பழகேல்ல," என்றேன்.

கடைசியாகப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். என் ஜேர்மன் அழகானது அல்ல, ஆனால் கோபமாக இருக்கும்போது வினைச்சொற்கள் தாமாகச் சரியான இடத்தில் போய் நின்றுவிடும். இரண்டாம் தரம் கட்டிய காசைத் திருப்பித் தராவிட்டால், வருடம் முடியமுதல் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று எழுதினேன். இதற்கு மட்டும் நன்றி வரவில்லை. இரண்டு தாள் பதில் வந்தது. தங்கள் பக்கத்தில் எந்தப் பிழையையும் ஒப்புக்கொள்ளாமல், வெறும் நல்லெண்ணத்தின் பேரில், கோரிக்கையை மீளப்பெறத் தயாராம். இரண்டாவது தாளில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கு அவர்களிடமிருந்து எந்தக் காசும் வரவேண்டியதில்லை என்று.

எனக்குத் தலை கொதித்தது. என் காசை வைத்துக்கொண்டு எனக்கே நல்லெண்ணம் காட்டுகிறார்கள்! தொகை பெரிது இல்லை என்று சொல்ல முடியாது, எங்களுக்கு அது ஒரு மாத வீட்டுச் செலவு. ஆனால் அதைவிட, மறுபடியும் தலையாட்டச் சொல்கிறார்களே என்பதுதான் எரிந்தது. வைக்கவே மாட்டேன், வழக்குப் போடுவேன் என்றேன். விடும் என்று வாயால் சொன்னாலும், கணவர் உள்ளுக்குள் ஆசைப்பட்டதும் வழக்குத்தான் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் எங்களுக்கும் ஒரு நீதிபதி ஓம் என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவர் மனதில் இருந்தது.

அந்தக் கிழமையே ஒரு வீட்டு நிர்வாகத்திலிருந்து தொலைபேசி. ஆற்றோரமாக, இரண்டாம் மாடியில், லிப்டோடு ஒரு வீடு. மாத முடிவுக்குள் சுத்தமான பதிவுத்தாள் தந்தால் தருவார்கள். அதற்குப் பிறகு காத்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தோம். கணவர் அறைகளைப் பார்க்கவே இல்லை. லிப்டில் மேலே போய், கீழே வந்து, கதவு எவ்வளவு நேரம் திறந்து நிற்கிறது என்று பார்த்தார். வீடு காட்ட வந்த பெண் அவரை ஒரு லிப்ட் திருத்துநர் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்து எங்கள் படியில் ஏறும்போது, மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்றுவிட்டார்.

"நீர் போம். நான் பின்னால வாறன்."

நான் மேலே போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். படியில் குந்தியிருந்தார். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெடியன் கீழேயிருந்து இரண்டிரண்டு படியாகத் தாண்டி வந்தான். அவன் காலடி கேட்டதும் என் கணவர் அவசரமாகக் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டத் தொடங்கினார். அவன் வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். இவரும் சிரித்துத் தலையாட்டினார். அவன் கதவு சாத்துப்படும் வரைக்கும் அந்த நாடாவையே கட்டிக்கொண்டிருந்தார்.

வேறு ஒன்றும் நடக்கவில்லை. நான் உள்ளே போய் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டாவது தாளில் கையெழுத்து வைத்தேன். முதல் தரம் பயத்தில் தலையாட்டினேன். இந்தத் தரம் யாருக்கும் பயமில்லை, என்ன கொடுக்கிறேன், எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்தே கொடுத்தேன். உறையை ஒட்டும்போது அந்த நிறுவனத்தைத் தமிழில் நன்றாகத் திட்டினேன். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நிறுவனம் கோரிக்கையை மீளப்பெற்ற கடிதம் வந்தது. அலுவலகத்தில் அதே பெண் புதிய பதிவுத்தாளை அச்செடுத்து நீட்டினார். என் பெயருக்குக் கீழே எதுவும் இல்லை. காசையும் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் உதட்டைச் சுழித்தார்.

வீட்டில் கணவரும் அதையே கேட்டார். "காசைத் திருப்பித் தந்தவங்களோ?"

"இல்லை. அந்தக் காசுக்குத்தான் லிப்ட் வாங்கினனான்."

"வழக்குப் போட்டிருந்தால் நீர் வெண்டிருப்பீர்," என்றார்.

"ஓம், வெண்டிருப்பன்," என்றேன். எனக்கு அதில் இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

வீடு மாறிய முதல் ஞாயிற்றுக்கிழமை. மூடுபனி விலகி, அருமையாக ஒரு வெயில் எறித்தது. நான் சோறு ஆக்கி இறக்கிக் கறியைத் தாளித்துக்கொண்டிருந்தேன். கணவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க போறியள்?"

"தபால் வந்திருக்கோ எண்டு பாத்திட்டு வாறன்."

"ஞாயிற்றுக்கிழமை என்ன தபால்?"

"இல்லாட்டிப் போகட்டும். பாத்திட்டு வாறன்."

லிப்ட் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. நான் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து வைத்தேன். அவர் வரவில்லை. கறி கொதித்து அடங்கியது. அப்போதும் வரவில்லை. விழுந்துவிட்டாரோ? பல்கனிக்கு ஓடினேன்.

கீழே ஆற்றோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ ஒரு சுவிஸ்காரர், காலடியில் நாய். என் கணவர் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மேலே போய், அகன்று, கீழே வந்து, மறுபடி மேலே போயின. அவர் அப்படிக் கையை ஆட்டிக் கதைத்து நான் பார்த்து எவ்வளவு காலம்! மற்றவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

வழக்கமாக இப்படி நேரம் போனால் தொலைபேசியில் எடுத்துக் கத்துவேன். கையில் தொலைபேசி இருக்கத்தான் செய்தது. நான் அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, சோற்றை மூடிவிட்டு, மறுபடியும் பல்கனிக்கு வந்து நின்றேன். சோறு ஆறிப்போய்விட்டது.